குறட்டையும் இரத்தப் பரிசோதனையும்
(பாவூர்சத்திரத்தில் ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவர் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ஒரு ஐயா எழுந்து, "குறட்டை வியாதியை இரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாமாமே, அதற்கு ஒரு கருவி வாங்கக் காணிக்கை தரலாமா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு வழி அடைபடுகிறது. குறட்டை சட்டென்று நிற்கும். 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சே இராது. பிறகு ஆள் திணறி மூச்சு வாங்குவார். மணிக்கு 30 தடவை இப்படி நடந்தால் வியாதி கடுமை என்கிறோம். படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் விழித்திருக்கும் வீட்டம்மாவுக்குத்தான் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் இரத்தத்தில் பிராணவாயு இறங்கி ஏறுகிறது. உடம்பு இதைக் காயம் பட்டதுபோல் எடுத்துக்கொண்டு, இன்டர்லூக்கின்-6 என்ற பொருளைச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் ஈரல் சி.ஆர்.பி. என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. 1930-ல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறிந்தார்களே, அதே புரதம்தான். 2002-ல் அமெரிக்காவின் மாயோ கிளினிக் மருத்துவர்கள், மூச்சடைப்பு நோயாளிகளுக்கு இது கூடுதலாக இருக்கிறது என்று எழுதினார்கள். மறு வருஷம் ஜப்பானியர், காற்றழுத்தக் கருவியை மாட்டி ஒரு மாதம் தூங்கியவர்களுக்கு அது குறைந்தது என்றார்கள். மருத்துவ உலகம் பெரிதும் நம்பிக்கை கொண்டது.

ஆனால் கொழுப்பும் அதே இன்டர்லூக்கினைச் சுரக்கிறது. இந்நோயாளிகளில் அநேகர் பருமனானவர்கள். அப்படியானால் குற்றவாளி மூச்சடைப்பா, தொந்தியா? 2008-ல் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆராய்ந்து, பருமனே காரணம் என்று எழுதினார்கள். 2014-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், 24 வாரத்தில் எடை குறைத்தவர்களுக்கு சி.ஆர்.பி. இறங்கியது, கருவி மட்டும் மாட்டியவர்களுக்கு இறங்கவில்லை. போதாததற்கு, பல்லில் சீழ் வைத்தாலும் சளிக்காய்ச்சல் வந்தாலும் சி.ஆர்.பி. ஏறும். இதை வைத்துக் குறட்டைக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆகவே ஐயா, அந்தப் பணத்தை இரத்தக் கருவிக்குத் தரவேண்டாம். இரவு முழுவதும் மூச்சையும் பிராணவாயுவையும் பதிவு செய்யும் கருவிக்குத் தாருங்கள். 1981-ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய முகமூடிக் காற்றுக் கருவியை வாங்க முடியாத ஏழைகளுக்குத் தாருங்கள். அது சி.ஆர்.பி.யைக் குறைக்கிறதோ இல்லையோ, பகல் தூக்கத்தைப் போக்குகிறது; அதில் சந்தேகமில்லை.

நம் ஊர்ச் சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு லாரிகள் போகின்றன. ஓட்டுகிறவர் மலை வளைவில் ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சபையில் ஓட்டுநர்கள் இருப்பார்கள். பலத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத தூக்கம், மருந்துக்கு அடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களை அனுப்பி வையுங்கள். வரும்போது வீட்டம்மாவையும் கூட்டி வரச் சொல்லுங்கள். இரவில் பார்த்ததை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.