கட்டுவோரும் கையொப்பமிடுவோரும்
(வெள்ளி விழா அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக்கென அமைந்த சங்கத்தின் வெள்ளி விழாவில் கட்டட ஒப்பந்தப் பத்திரங்களைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், நம் குடும்பங்களுள் பல கட்டட வேலையை நம்பி வாழ்கின்றன. வேலையைக் கற்ற நாம் அவ்வேலையை ஆளும் எழுத்தைக் கற்கவில்லை. அக்குறையை நீக்குவதும் கல்விப் பணியே ஆகும்.

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நிற்கும் நகரத்தார் மாளிகைகளைக் காணப் பிற நாட்டாரும் வருகின்றனர். பர்மாத் தேக்கையும், ஆத்தங்குடித் தரைக்கல்லையும், கண்ணாடி போல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சையும் புகழ்கின்றனர். கட்டுவித்தவர் பெயர் அவ்வீட்டோடு வழங்குகிறது. கல் சுமந்தவர் பெயரும் சுண்ணாம்பு அரைத்தவர் பெயரும் எங்கும் வழங்கவில்லை. 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு இவ்வூரில் மின்வேதியியல் ஆய்வு நிலையத்திற்கு அடிக்கல் நாட்டினார்; 1953 ஜனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்ததை நாடு அறியும். இடைப்பட்ட ஆண்டுகளில் அங்குச் சாந்துச் சட்டி ஏந்தியவர்களை அறிந்தார் எவர்? புகழை நாம் வேண்டவில்லை. உழைப்பின் அளவும் அதற்குரிய பணமும் ஏட்டில் ஏற வேண்டும் என்பதே நாம் வேண்டுவது.

ஒரு கட்டடப் பணியில் யார் யார் இடம் பெறுகின்றனர் என்பதை முதலில் காண்போம். பணியைச் செய்விப்பவர் உடைமையாளர். அரசுப் பணியில் அரசுத் துறையே உடைமையாளர். கட்டடத்தை வடிவமைத்து வரைபடம் தருபவர் கட்டடக் கலைஞர். வலிமையைக் கணக்கிட்டு, வேலையை மேற்பார்வையிட்டு, அளந்து, பணம் வழங்கச் சான்றளிப்பவர் பொறியாளர். பணியை முடித்துத் தரும் பொறுப்பை ஏற்பவர் ஒப்பந்ததாரர். ஒப்பந்தத்தில் தரப்பினர் இருவரே: உடைமையாளரும் ஒப்பந்ததாரரும். பொறியாளர் உடைமையாளரின் சார்பாளர். எனினும் அளக்கும்போது இரு தரப்பிற்கும் நேர்மையாக அளக்கக் கடமைப்பட்டவர்.

இவர்களுக்குக் கீழே துணை ஒப்பந்ததாரர், மேஸ்திரி, கொத்தனார், சித்தாள் என வரிசை நீள்கிறது. நம்மவருள் பெரும்பாலோர் இவ்வரிசையில் உள்ளனர். மேஸ்திரி ஒப்பந்ததாரரிடம் வாய்ச்சொல்லால் வேலை எடுக்கிறார். உடைமையாளரோடு அவருக்கு ஒப்பந்தம் ஏதும் இல்லை. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்மொழி உடன்பாட்டையும் ஏற்கிறது என்பது உண்மையே. ஆனால், இன்ன தொகைக்குப் பேசினோம் என்று மெய்ப்பிக்கும் சுமை கேட்பவர் தலைமேல் விழுகிறது. எழுத்து இல்லாதவன் அச்சுமையைத் தூக்க இயலாது.

அடுத்துப் பத்திரங்களைக் காண்போம். ஒப்பந்தம் என்பது முத்திரைத்தாளில் எழுதிய ஒரு பக்கம் மட்டும் அன்று. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, ஏற்புக் கடிதம், ஒப்பந்த நிபந்தனைகள், வரைபடங்கள், விவரக் குறிப்புகள், அளவும் விலையும் காட்டும் பட்டியல் ஆகிய யாவும் சேர்ந்ததே ஒப்பந்தம். சுவர் எங்கே நிற்க வேண்டும் என்பதை வரைபடம் கூறும். எந்தச் செங்கல், எந்த விகிதத்துச் சாந்து என்பதை விவரக் குறிப்புக் கூறும். எத்தனை கன அடி, என்ன விலை என்பதைப் பட்டியல் கூறும். தாமதமானால் என்ன, வேலை கூடினால் என்ன, எப்போது பணம் என்பவற்றை நிபந்தனைகள் கூறும். இவை ஒன்றோடொன்று முரண்பட்டால் எது மேலோங்கும் என்பதையும் நிபந்தனைகளிலேயே தேட வேண்டும். பலர் விலையை மட்டும் பார்த்துக் கையொப்பமிடுகின்றனர். இழப்போ படிக்காத பக்கத்திலிருந்து வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 100 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம் என்று வரைபடத்தில் கண்டபடி ஒருவர் வானம் தோண்டுகிறார். மண் இளகலாக இருப்பதால், இன்னும் 2 அடி தோண்டுமாறு வாய்மொழியாக ஆணை வருகிறது. அவரும் தோண்டுகிறார். கூடுதல் வேலை 600 கன அடி. மறுநாள் கான்கிரீட் கொட்டி மூடியாயிற்று. பின்னர்ப் பணம் கேட்கும்போது, "எழுத்தில் ஆணை எங்கே? மூடுமுன் அளந்தீரா?" என்ற கேள்விகள் எழுகின்றன. உழைப்பு மண்ணுக்கடியில் கிடக்கிறது; அளவுப் புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. ஆகவே, கூடுதல் வேலைக்கு எழுத்தில் ஆணை பெறுதல், மறையும் வேலையை மூடுமுன் அளக்கச் செய்தல், அளவில் தாமும் கையொப்பமிடுதல் ஆகிய மூன்றையும் நம் இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

கூலி பெறுவோருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. ஒப்பந்ததாரர் கூலி தரத் தவறினால், முதன்மை வேலையளிப்பவரே அதைத் தந்து ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வகுத்த நெறி. 2020 ஆம் ஆண்டின் தொழிற் சட்டத் தொகுப்பிலும் அந்நெறி இடம் பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994 இல் அமைந்தது. அதில் பதிவு செய்யாத தாய்மார்கள் இன்னும் நம் தெருக்களில் உள்ளனர்.

கூலியோடு நின்றுவிடுவதா என்பது அடுத்த கேள்வி. 1942 இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரான அண்ணல் அம்பேத்கர், அவ்வாண்டே பட்டியல் வகுப்பினரின் குறைகளை விளக்கி மனு அளித்தார். கல்வியையும் அரசு வேலையையும் கேட்ட அம்மனுவில் அரசு ஒப்பந்தங்களையும் அவர் விடவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் பட்டியலில் இருந்த 1,100க்கும் மேற்பட்ட ஒப்பந்ததாரருள் நம்மவர் ஒருவரே என்று எடுத்துக்காட்டினார். சாந்து சுமந்தோர் ஆயிரமாயிரம், கையொப்பமிட்டவர் ஒருவர்!

அதன் பின்னர்ச் சில வழிகள் திறந்தன. ஆதிதிராவிடர்க்கு வீடு கட்டவென 1974 இல் தாட்கோ தொடங்கப்பட்டது. பின்னர் அது தொழிற் கடன் உதவியையும் மேற்கொண்டது. 1998 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் கூறுகளை முன்னரே அறிவிக்கவும், ஏற்பினை நெறிப்படுத்தவும் வகை செய்தது. அண்டையிலுள்ள கர்நாடகம் குறிப்பிட்ட தொகை வரையிலான அரசுப் பணிகளில் பட்டியல் வகுப்பினர்க்கும் பழங்குடியினர்க்கும் பங்கு ஒதுக்கியது. 50 இலட்சமாக இருந்த வரம்பு 2023 இல் ஒரு கோடியாக உயர்ந்தது. அத்தகைய ஒதுக்கீட்டை இங்கும் கேட்பது நம் உரிமை. கேட்டுப் பெறும் நாளில் பத்திரத்தைப் படித்து விலை குறிக்கத் தெரிந்தவர் நம்மிடையே இருக்க வேண்டும். இல்லையேல் பெயர் நம்முடையதாகவும் ஆதாயம் பிறருடையதாகவும் முடியும்.

ஆதலின் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பொறியியல் படித்த நம் பிள்ளைகளைக் கொண்டு, வரைபடமும் அளவுப் பட்டியலும் படிக்க மாலை வகுப்பு நடத்துக. ஒவ்வொரு மேஸ்திரியும் நாள், ஆணை, அளவு, பெற்ற தொகை ஆகியவற்றை எழுதிவைக்கக் குறிப்பேடு அச்சிட்டு வழங்குக. நலவாரியப் பதிவிற்கும், ஒப்பந்ததாரராகப் பதிவு செய்து முன்வைப்புத் தொகை திரட்டுதற்கும் வழிகாட்ட ஓர் உதவிக் குழு அமைத்திடுக.

கைந்நாட்டு வைத்த தலைமுறையைக் கையெழுத்திடும் தலைமுறையாக்கியது இச்சங்கத்தின் 25 ஆண்டுப் பணி. எதில் கையெழுத்திடுகிறோம் என்பதைப் படித்தறிந்து இடும் தலைமுறையை ஆக்குவது வரும் ஆண்டுகளின் பணியாகுக என வேண்டி அமைகிறோம்.