சிக்கனம் யாருடைய சொல்?

நம்ம சனங்களுக்கு எல்லாரும் சொல்ற புத்தி ஒண்ணு இருக்கு: "சிக்கனமா இருங்க." கூலி குடுக்கிறவனும் சொல்றான், வட்டிக்குக் குடுக்கிறவனும் சொல்றான். அந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கத்தான் நான் இங்கே நிக்கிறேன்.

சிக்கு என்றால் இறுகுதல், அகப்படுதல். சிக்கென என்றால் உறுதியாக. கைக்கு வந்ததை இறுக்கிப் பிடிப்பது சிக்கனம். கடனில் மாட்டிக்கொள்ளும் சிக்கலும் இதே குடும்பத்துச் சொல்தான். இன்னொரு சொல் செட்டு. "செட்டாக் குடும்பம் நடத்துறா" என்கிறோம். செட்டுக்கு வாணிகம் என்றும் பொருள் உண்டு. அது கல்லாப்பெட்டி வைத்திருந்தவன் சொல். மிச்சம் உள்ளவனுக்குத்தான் அது பொருந்தும்.

மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அடுத்தவன் வயல்ல நடவு நட்டவளுக்கு எது மிச்சம்? அரைவயித்துக் கஞ்சிக்குப் பேரு சிக்கனம் இல்லை, பட்டினி. பட்டினிக்குச் சிக்கனம்னு பேரு வச்சுட்டா கூலியைப் பத்தின பேச்சே எழாது. எழுந்தால் என்ன நடந்தது? கீழத்தஞ்சையில் கூலி உயர்வு கேட்டுச் சங்கமாக நின்றார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள்.

நம்ம பொம்பளைகளுக்குச் சொந்தமா ஒரு சொல் இருக்கு: சிறுவாடு. அரிசிப் பானையிலயும் முந்தானையிலயும் முடிஞ்சு வைக்கிற காசு. அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை நிலமில்லாத கூலிக்காரப் பெண். அப்படிப்பட்ட சிறுகாசைக் களஞ்சியம் குழுக்களில் ஒன்றுசேர்க்கப் பெண்களைத் திரட்டினார். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஊர் சேமிப்பைப் பாராட்டியது. எனக்கு அதில் பெரிதாகப் படுவது பெண்கள் சேர்ந்ததுதான். தனியா முடிஞ்ச காசு ஒரு காய்ச்சலுக்குக் காணாது. கூட்டாச் சேர்த்தா வட்டிக்காரன் வாசல்ல நிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் கூலி உயராமல் சேமிப்பு மட்டும் விடுதலை தராது. அந்தக் காசும் வயித்தை இறுக்கிச் சேர்த்ததுதானே?

மாணவத் தோழர்களே, வயித்தை இறுக்கினது போதும். இறுக்கிப் பிடிக்க வேண்டியது கூலியையும் நிலத்தையும் சங்கத்தையும். இனி எவனாவது சிக்கனம் பேசினா, "கூலியை முழுசா எண்ணி வச்சுட்டுப் பேசுங்க"ன்னு சொல்லுங்க.