ஓடும் கணினியில் நினைவகம் கூட்டலும் குறைத்தலும்



எங்கள் ஊராகிய நிலக்கோட்டையின் பூச்சந்தையை உங்களுள் சிலர் பார்த்திருக்கலாம். முகூர்த்த நாளுக்கு முந்திய விடியற்காலையில் மல்லிகை மூட்டையை இறக்கி வைக்க ஒரு முழ இடம் கிடைக்காது. மறுவாரமோ அதே இடம் பாதி வெறிச்சோடிக் கிடக்கும். கணினியின் நினைவகத்துக்கும் இத்தகைய நாட்கள் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே கணினியை அணுகுகின்றனர். மாலையில் அதை நாடுவார் இலர். தேவைக்கேற்ப நினைவகத்தைக் கூட்டவும் பின்னர்க் குறைக்கவும் வேண்டும். அதையும் கணினியை நிறுத்தாமலே செய்ய வேண்டும். இது எவ்வாறு இயலுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இயங்குதளத்தின் உட்கருவைக் கெர்னல் என்பர். நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் அதிகாரி அதுவே. அது நினைவகத்தைப் பெரும்பாலும் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில், வழக்கமான 64 பிட் கணினிகளில், புது நினைவகம் 128 மெகாபைட் அளவுள்ள பகுதிகளாகச் சேர்க்கப்படுகிறது. ஒரு பகுதியில் 32,768 பக்கங்கள். பக்கத்துக்கு 64 பைட் வீதம் குறிப்பு எழுத 2 மெகாபைட் இடம் வேண்டும். இடமில்லை என்றுதானே புதிய நினைவகத்தைக் கொணர்ந்தோம்? அதை வரவு வைக்கவே பழைய நினைவகத்தில் இடம் தேட வேண்டியிருந்தது! பின்னர்த்தான், வந்த நினைவகத்திலேயே அதற்குரிய குறிப்பையும் எழுதிக்கொள்ளும் வழி பிறந்தது.

குறிப்பு எழுதியானதும் அப்பக்கங்கள் வெற்றிடப் பட்டியலில் சேரும். கூட்டல் முடிந்தது. என்னிடம் படித்து, இப்பொழுது சென்னையில் பெருங்கணினிகளைப் பராமரிக்கும் மாணவர் ஒருவர் பொங்கலுக்கு வந்திருந்தபோது, "ஐயா, சேர்ப்பது எளிது; எடுப்பதுதான் பெரும்பாடு" என்றார். அவர் சொன்னதும் எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் ஓர் ஐப்பசி மழையில் பள்ளியின் மேற்கு ஓட்டுக் கட்டடத்துச் சுவர் பிளந்துவிட்டது. உடனே இடித்தாக வேண்டும்; பள்ளியையோ மூடுவதற்கில்லை. நான்கு வகுப்புகளை ஒரே காலைப் பொழுதில் வேறிடங்களுக்கு மாற்றினோம். மாணவர்களின் வரிசை எண் மாறவில்லை. அலுவலகத்திலிருந்த அறைப்பட்டியலை மட்டும் திருத்தினோம். ஆனால் அக்கட்டடத்தில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி ஒன்று இருந்தது. சேர்க்கைப் பதிவேடுகள் அனைத்தும் அதற்குள். எத்தனையோ கோப்புகளில் 'மேற்குச் சுவர் அலமாரி, இரண்டாம் தட்டு' என்றே எழுதியிருந்தது. போதாக்குறைக்கு அதில் தொங்கியது திண்டுக்கல் பூட்டு. சாவியோ விடுப்பில் சென்றிருந்த எழுத்தரிடம். இடிக்க வந்தவர்கள் திரும்பிச் சென்றனர். பதினொரு நாள் அந்தப் பிளந்த சுவரை ஒட்டியே பிள்ளைகள் நடந்து போனார்கள். எனக்கு உறக்கமில்லை. என் அறைக்குப் பக்கம் என்பதற்காகப் பதிவேடுகளை அங்கே வைக்கச் சொன்னவன் நானே.

கெர்னல் படும் பாடும் இதுவே. நீக்க வேண்டிய பகுதியில் புதிதாக எவருக்கும் இடம் கொடுக்காதபடி முதலில் அதைத் தனிமைப்படுத்துகிறது. வட்டில் மூலப்படி இருக்கும் பக்கங்களை விட்டுவிடலாம். நிரல்களின் பக்கங்களை வேறிடத்துக்குப் படியெடுத்து, முகவரி அட்டவணையை மட்டும் திருத்துகிறது. நிரல் அறிந்திருப்பது தன் பழைய முகவரியைத்தான். அது மாறாததால், இடம் மாறியதே அதற்குத் தெரியாது. வட்டோ வலைக்கருவியோ நேரடியாக எழுதிக்கொண்டிருக்கும் பக்கமாயின், அது விடும்வரை காத்திருக்க வேண்டும். அது பூட்டின் கதை. கெர்னல் தன் சொந்தக் காரியத்துக்கு வைத்திருக்கும் தரவுகளோ பெரும்பாலும் அசைக்க இயலாதவை. அவை நிலையான முகவரியால் எண்ணற்ற இடங்களிலிருந்து சுட்டப்படுகின்றன. அத்தகைய பக்கம் ஒன்றே ஒன்று இருந்தாலும் 128 மெகாபைட் பகுதி முழுவதும் நீக்கமுடியாமற் போகும்.

இதற்கு மருந்தை நீக்கும் நாளில் தேடிப் பயனில்லை. 2007-இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.23 பதிப்பில், நகர்த்தக்கூடிய பக்கங்களுக்கென்றே தனி மண்டலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. கெர்னல் தன் அசையாப் பொருள்களை அங்கே வைப்பதில்லை. அடுத்து, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில், ஒரு பகுதியைக் காலிசெய்து விலக்கும் வசதி சேர்ந்தது. ஆயினும் இம்மண்டலத்தை அளவுக்கு மீறிப் பெருக்கினால், அங்கே இடமிருந்தும் கெர்னல் தன் தேவைக்கு இடமின்றித் திணறும். ஆகவே இதனை முழு வெற்றி என்று நான் சொல்லமாட்டேன்.

இன்று ஒரு பெருங்கணினியைப் பல மெய்நிகர்க் கணினிகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகின்றனர். சென்னையிலும் 2015-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அத்தகைய நிலையம் ஒன்றைத் திறந்தது. இவ்வகைக் கணினிகளுக்காக 2020-இல் லினக்ஸ் 5.8 பதிப்பில் விர்ட்டியோ-மெம் என்னும் முறை வந்தது. அது 128 மெகாபைட்டினும் சிறிய துண்டுகளாக நினைவகத்தைக் கொடுக்கவும் வாங்கவும் வல்லது. இவ்வளவு திருப்பித் தா என்று கேட்டால், காலிசெய்ய முடிந்தவற்றை மட்டும் தந்துவிட்டு, எஞ்சியதை வைத்துக்கொள்ளும்.

எங்கள் பள்ளியில் பின்னர்ப் புதிய கட்டடம் எழுந்தது. சுவர் அலமாரி வேண்டாம், இரும்புப் பீரோ போதும் என்று எழுதிக் கொடுத்தேன். பூட்டு என்னவோ திண்டுக்கல் பூட்டுத்தான். சாவி மட்டும் இரண்டு.