நூலகமும் நம்ம இடம்தான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பற்றியெல்லாம் எனக்கு முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. நான் வேற ஒரு விஷயம் பேசப் போறேன். நம்ம ஊர் ஊர்ப்புற நூலகம் பற்றி.

நான் மேடைப் பேச்சாளர் கிடையாது. பத்தாவது வரைக்கும் படிச்சவள். ரெண்டு பிள்ளைங்க, ஒரு கறவை மாடு, குழுவில் ஒன்பது வருஷமா உறுப்பினர். அவ்வளவுதான். தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம நூலகம் எங்கே இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். பால் சொசைட்டிக்குப் போற வழியில், வேப்ப மரத்துக்குப் பக்கத்தில். தினம் ரெண்டு வேளை அந்த வழியாத்தான் பால் கேனோட போறோம். ஆனா உள்ளே போனவங்க எத்தனை பேர்? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா, கை தூக்க நம்மில் பத்துப் பேர்கூட இருந்திருக்க மாட்டோம். ஆம்பளைங்க உட்கார்ந்து பேப்பர் படிக்கிற இடம், காலேஜ் பிள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கிற இடம், நமக்கென்ன அங்கே வேலைன்னுதான் நினைச்சோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். அந்த நூலகத்துக்குக் காசு கொடுக்கிறது நாமதான். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க. அதில் நூலக வரின்னு தனியா ஒரு தொகை இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. உங்க வீட்டு வரி 300 ரூபாய்னா, நூலகத்துக்கு 30 ரூபாய் கட்டுறீங்க. அந்தக் காசு மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகுது. அதை வச்சுத்தான் நூலகம் நடக்குது, புத்தகம் வருது. படிக்கத் தெரிஞ்ச வீடு, தெரியாத வீடுன்னு பார்த்து வரி வாங்குறதில்லை. எல்லாரும்தான் கட்டுறோம். காசு கட்டி வாங்கின பொருளை யாராவது பரணில் போட்டு வைப்போமா?

இந்த வரி சும்மா வந்ததில்லை. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நம்ம நாடு சுதந்திரம் வாங்கின பிறகு முதல்ல வந்த நூலகச் சட்டம் அதுதான். அதுக்காகப் பல வருஷம் பாடுபட்டவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நமக்குப் பக்கத்துச் சீர்காழியில் 1892-இல் பிறந்தவர். அவர் பிறந்த ஆகஸ்ட் 12-ஆம் தேதியைத்தான் நூலகர் தினமா கொண்டாடுறாங்க.

இன்னொன்று நம்ம பக்கத்துப் பெருமை. மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். 1931-இல் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கி ஊர் ஊராக அனுப்பினார். படிக்கிறவங்க வரட்டும்னு உட்கார்ந்திருக்காம, அவங்க இருக்கிற இடத்துக்கே புத்தகம் போச்சு. கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடி வண்டி கட்டிக்கிட்டு வந்த புத்தகத்தை, இன்னைக்கு நாலு தெரு தாண்டிப் போய் எடுக்க நாம யோசிக்கிறோம்.

அதே 1931-இல் ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூலகர் ஐயா எனக்குச் சொல்லித் தந்தார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

இதில் நாலாவதை நான் நம்ம பொம்பளைங்களுக்காக எடுத்துக்கிட்டேன். நம்ம நேரம் எப்படி இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. காலையில் நூலகம் திறக்கிறப்போ நாம நூறு நாள் வேலையிலோ வயலிலோ இருப்போம். சாயங்காலம் திறக்கிறப்போ மாட்டைப் பிடிச்சுக் கட்டணும், பால் கறக்கணும், சோறு வடிக்கணும். நம்ம நேரமும் நூலகத்து நேரமும் ஒண்ணோட ஒண்ணு சேராது. அதனாலதான் போகலையே தவிர, ஆசை இல்லாம இல்லை.

இது மாறினது எப்படின்னு சொல்றேன். நவம்பர் 14 முதல் 20 வரைக்கும் நூலக வார விழா. முந்தின வருஷம் வாசகர் வட்டத்தில் இருக்கிற ஓய்வு பெற்ற வாத்தியார் ஐயா நம்ம குழுக் கூட்டத்துக்கு வந்தார். "பிள்ளைங்களுக்குப் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி வைக்கிறோம். பெண்கள் பக்கம் ஏதாவது செய்யுங்கம்மா" என்று கேட்டார். நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். எங்களுக்கு என்ன தெரியும்? கோலம் தெரியும், கும்மி தெரியும், வயலில் பாடுற பாட்டு தெரியும். சரி, அதையே வச்சுக்குவோம்னு முடிவாச்சு. நூலகர் ஐயா மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதி அனுமதி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணியிலிருந்து அஞ்சு மணி வரைன்னு நேரம் குறிச்சோம். அது நாங்க குறிச்ச நேரம்.

மேசைகளை ஓரமா நகர்த்திட்டு ஹாலில் பாய் விரிச்சோம். வாசலில் புள்ளிக் கோலம். வேப்ப மரத்தடியில் பள்ளிக்கூடப் பெண் பிள்ளைங்களோட கும்மி. அதுக்கப்புறம் கிழக்குத் தெரு அப்பாயியைப் பாடச் சொன்னோம். எழுபது வயசு தாண்டியவங்க. நடவு மெஷின் வந்தப்புறம் நம்ம வயல்களில் நடவுப் பாட்டு நின்னு போச்சு. வரிசையில் குனிஞ்சு நட ஆள் இருந்தாத்தானே பாட்டு? அப்பாயி பத்து வருஷமா பாடாத பாட்டை அன்னைக்கு நூலகத்துக்குள்ள பாடினாங்க. ரெண்டாவது பாட்டுக்கெல்லாம் பின்பாட்டு பாட எட்டுப் பேர் சேர்ந்துட்டோம். பேப்பர் படிக்க வந்த ஆம்பளைங்க வாசல்லயே நின்னு கேட்டாங்க.

காலேஜ் படிக்கிற நம்ம ஊர்ப் பொண்ணு ஒண்ணு, அந்தப் பாட்டையெல்லாம் நோட்டில் எழுத ஆரம்பிச்சது. அடுத்த மாசம் திரும்ப வாசிச்சுக் காட்டினப்போ அப்பாயி பாதியில் நிறுத்திட்டாங்க. "ரெண்டாவது அடியை நாலாவதா எழுதியிருக்கே, அடிச்சுட்டு எழுது" என்றார்கள். அப்பாயிக்கு ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனா எழுதினதைத் திருத்தினவங்க அவங்கதான். இப்போ அந்த நோட்டில் 43 பாட்டு இருக்கு. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி மூணும் இருக்கு. நூலகத்து அலமாரியில் பாரதியார் கவிதைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வச்சிருக்காங்க. அப்பாயி இங்கதான் இருக்காங்க. கொஞ்சம் கை தட்டுங்க.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே மாசத்துக்கு ஒரு ஞாயிறுன்னு ஆச்சு. ஒரு மாசம் கதை வாசிப்பு. ஒரு மாசம் கால்நடை மருத்துவர் வந்து மாட்டுக்கு வர்ற மடிநோய் பற்றிப் பேசினார். ஒரு மாசம் பனை ஓலையில் பெட்டி முடையத் தெரிஞ்ச அக்கா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. கதை வாசிக்கிறது பெரும்பாலும் நான்தான். தொண்டை நல்லா இருக்கு, அதனால என்னைப் பிடிச்சுக்கிட்டாங்க. வாசிக்கிறப்போ சில பேர் பூ கட்டுவாங்க, சில பேர் கீரை ஆய்வாங்க. யாரும் எதுவும் சொல்றதில்லை. கதை முடிஞ்சதும் "அவ ஏன் அவனை விட்டுட்டுப் போனா? நானா இருந்தா போயிருக்க மாட்டேன்"னு ஒரு சண்டை நடக்கும் பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச நேரம்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானேன்னு சில பேர் கேட்டாங்க. குழுவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டாங்க. அவங்களுக்காக ஒரு விஷயம் சொல்றேன். பேர் சொல்ல மாட்டேன், அந்த அக்காவே சொல்லச் சொன்னதால சொல்றேன்.

நம்ம அக்கா ஒருத்தர், குழுவுக்கு வெளியே ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கடன் வாங்கின ஒருத்தருக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தாங்க. சாட்சிக் கையெழுத்துதான்னு சொல்லி வாங்கினாங்களாம். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கோம். கடன் வாங்கினவங்க ஊரை விட்டுப் போயிட்டாங்க. வாரா வாரம் தவணைக்கு ஆள் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்னாங்க. அக்கா வெட்கப்பட்டுக்கிட்டு யார்கிட்டேயும் சொல்லலை. வீட்டிலும் சொல்லலை.

ஒரு ஞாயிறு கதை வாசிப்பு முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம், மடியிலிருந்து நாலா மடிச்ச அந்தத் தாளை எடுத்து, "இதையும் வாசியேன் தங்கச்சி"ன்னு நீட்டினாங்க. நானும் அந்தக் காலேஜ் பொண்ணும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியா வாசிச்சோம். அதில் இருந்தது சாட்சிக் கையெழுத்து இல்லை. ஜாமீன் கையெழுத்து. கடன்காரர் கட்டலைன்னா நான் கட்டுறேன்னு எழுதியிருந்தது. விஷயம் தெரிஞ்சப்புறம் கூட்டமைப்பில் பேசி, வாத்தியார் ஐயாவையும் கூட்டிக்கிட்டுப் போய், அசலைச் சின்னச் சின்னத் தவணையா பிரிச்சு வாங்கிக்கச் சொல்லி முடிச்சோம். பணம் போனது போனதுதான். அக்கா இன்னும் கட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா வாசலில் ஆள் வந்து நிக்கிறது நின்னு போச்சு.

அந்த அக்கா அந்தத் தாளை ஏன் வீட்டுக்கு வந்து என்கிட்ட கொடுக்கலை? ஏன் குழுக் கூட்டத்தில் கொடுக்கலை? நான் இதைப் பல நாள் யோசிச்சேன். குழுக் கூட்டத்தில் கணக்குப் பார்க்கிறோம். யார் கட்டினாங்க, யார் பாக்கின்னு பேசுறோம். அங்கே அவமானம் இருக்கு. நூலகத்தில் பாட்டு பாடி, கதை கேட்டு, சிரிச்சு முடிச்ச இடத்தில் அந்த வெட்கம் இல்லை. படிக்கத் தெரியாதவங்களுக்கும் அங்கே பாயில் இடம் இருக்கு, தெரியாததைக் கேட்க வாய் வருது. கோலமும் கும்மியும் செஞ்ச வேலை அதுதான்.

அதுக்கப்புறம் அந்த அக்கா எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பிச்சிருக்காங்க. எங்கம்மா அந்தக் காலத்தில் அறிவொளி இயக்கத்து வகுப்பில் அரிக்கேன் விளக்கு வச்சுப் படிச்சாங்க. அந்த இயக்கத்தில்தான் 1990-களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. எழுத்தும் சைக்கிளும் சேர்ந்தே வந்தது அவங்களுக்கு. நமக்கு எழுத்தும் கும்மியும் சேர்ந்து வரட்டுமே.

குறைகளையும் சொல்லணும். நூலகத்தில் கழிப்பறை இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு மேல பொம்பளைங்க அங்கே உட்கார முடியாததுக்கு அதுதான் காரணம். மின்விசிறி ரெண்டில் ஒண்ணு சுத்தாது. நூலகர் ஐயா பக்கத்து ஊர் நூலகத்தையும் சேர்த்துப் பார்க்கிறார், அதனால சில நாள் பூட்டியிருக்கு. இன்னொன்று முக்கியம். எத்தனை பேர் வந்தாங்க என்பது வாசலில் இருக்கிற பதிவேட்டில்தான் தெரியும். நாம உள்ளே போயிட்டுக் கையெழுத்துப் போடாம வந்தா, நாம வந்ததுக்குக் கணக்கே கிடையாது. ஆள் வராத நூலகத்துக்குப் புதுப் புத்தகம் கொடுங்க, இன்னொரு ஆள் போடுங்கன்னு யார் கேட்பாங்க? சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் மாடி மாடியா கட்டித் திறந்தாங்க. ரொம்ப சந்தோஷம். அங்கே போய் வர நமக்கு ஒரு நாள் கூலி போயிடும். நமக்கு இருக்கிறது இந்த ஒரு ஹால்தான். இதைப் பூட்ட விடக் கூடாது.

அதனால் கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன்.

ஒன்று. ஒவ்வொரு குழுவிலிருந்தும் குறைந்தது இரண்டு பேர் நூலக உறுப்பினர் ஆகணும். காப்புத் தொகை சின்னத் தொகைதான். உள்ளே போறவங்க எல்லாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடணும்.

இரண்டு. கூட்டமைப்பின் பொது நிதியிலிருந்து 1,000 ரூபாய் கட்டி நூலகப் புரவலர் ஆகணும். புரவலர் பட்டியலில் நம்ம கூட்டமைப்பின் பேர் வரணும். அந்தப் பட்டியலில் இதுவரைக்கும் ஒரு பெண்ணின் பேர்கூட இல்லை.

மூன்று. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எல்லாக் குழுவும் சேர்ந்து போய், நூலகத்துக்குக் கழிப்பறையும் குடிதண்ணீரும் வேணும்னு தீர்மானம் கொண்டுவரணும். ஊராட்சிச் செயலர் ஐயா இங்கேயே இருக்கார், கேட்டுக்கிட்டு இருக்கார். இருபது பேர் போனா மனு வாங்கி வச்சுக்குவாங்க. இருநூறு பேர் போனா தீர்மானம் எழுதுவாங்க.

வர்ற ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணிக்கு அடுத்த கூட்டம். இந்தத் தடவை கதை இல்லை. வீட்டு வரி ரசீது, பாஸ்புக், கடன் தாள், பட்டா எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. உட்கார்ந்து வாசிப்போம். வாசிச்சு முடிச்சப்புறம் அப்பாயி 44-ஆவது பாட்டு பாடுறதா சொல்லியிருக்காங்க. கீரைக் கட்டையும் எடுத்துட்டு வரலாம்.