கடல் பார்க்கப் போன நாள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



1974இல் எங்கள் வகுப்பு கொழும்புக்குப் போன சுற்றுலாவைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். விடியுமுன் கட்டுகஸ்தோட்டையில் மாத்தளைக் கோச்சி ஏறி, கண்டியில் மாறினோம். கடுகண்ணாவைப் பள்ளத்தைக் கண்டு கூச்சலிட்டவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம்.

நூதனசாலையில் கண்டி மன்னரின் சிம்மாசனம். 1815இல் கண்டி வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. நம்மூர்ச் சிம்மாசனத்தைப் பார்க்க நாம் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது!

அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் இரண்டு நாள் சோறு கிடையாது. நாங்கள் போனதும் அப்படியொரு நாளில்தான். கோட்டையில் ஒரு கடையில் மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் வைத்தார்கள். வீட்டில் தின்று அலுத்த அதே கிழங்கு. ஆனாலும் மேசையில் உட்காரவைத்து ஒருவர் பரிமாறினாரே, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினோம்.

பின்னேரம் காலிமுகத்திடல். எங்களில் பலர் கடலைக் கண்டது அன்றுதான். ஓர் இறால் வடையை நாலாகப் பிய்த்துத் தின்றோம்.

வகுப்பில் சிலர் வரவில்லை. கோச்சிக் காசு கட்ட முடியாதவர்கள். அநேகமாக லயத்துப் பிள்ளைகள். மறுநாள் அவர்கள் கேட்டது, “கடல் எவ்வளவு பெரிசு?” எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்றும் கடலைக் காணாத பிள்ளைகள் இப்பாடசாலையில் இருக்கிறார்கள். ஆகவே எங்கள் வகுப்பார் சேர்ந்து இவ்வருடச் சுற்றுலாவுக்கு பஸ் கூலியும் மத்தியானச் சாப்பாடும் ஏற்கிறோம். ஒரு வகுப்பு போனால் முழு வகுப்பும் போகவேண்டும். நிபந்தனை அது ஒன்றுதான். இறால் வடைக்குக் காசு தனியாக வைத்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்று.