பேச்சிழந்த நாவிலும் பாட்டு



ஆனாய நாயனார் வரலாற்றை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். திருமங்கலத்து ஆயர் குலத்தில் தோன்றிய அப்பெருமான், பூத்து நின்ற கொன்றையைச் சிவபெருமானாகவே கண்டு, திருவைந்தெழுத்தைக் குழலில் இசைத்தார். பசுக்கள் அசைபோடுதலை மறந்தன. கன்றுகள் வாயிற் பால்நுரையோடு நின்றன. பகை விலங்குகளும் பகை மறந்து ஒருங்கு கூடின என்கின்றார் சேக்கிழார் பெருமான். குழலோசை சொல்லறியா உயிரையும் உருக்கியது எங்ஙனம்?

ஓசையென்பது காற்றின் அதிர்வு. அது செவிப்பறையைத் தாக்கி, உட்செவியில் நத்தைக்கூடு போற் சுருண்டிருக்கும் உறுப்பை அடைகின்றது. அங்குள்ள நுண்ணிய மயிரணுக்கள் அதனை மின்துடிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. அத்துடிப்பு, கேட்டலை அறியும் பகுதியோடு நின்றுவிடுவதில்லை. இன்ப துன்பங்களுக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளையும் சென்று தொடுகின்றது. தாம் விரும்பும் இசையைக் கேட்டு மெய்சிலிர்ப்போர் மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரப்பதைக் கனடா நாட்டு மான்ட்ரியல் நகர ஆய்வாளர்கள் 2011-இல் கண்டு வெளியிட்டனர். மெய்ம்மயிர் பொடித்தல் என்று நம் முன்னோர் கூறியது வெறும் புனைந்துரை அன்று.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. பேச்சுக்குரிய பகுதி பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பாதியில் இருப்பதைப் பாரிஸ் மருத்துவர் பால் புரோக்கா 1860-களில் நிறுவினார். பக்கவாதத்தால் அப்பகுதி பழுதுற்றால் சொல் எழாது. ஆயினும் அந்நிலையிற் சிலர், முன்பு பழகிய பாட்டைச் சொல்லோடு பாடுகின்றனர்! பாடும்போது மூளையின் வலப்பாதியும் துணை நிற்கின்றது. இதனை அறிந்த பாஸ்டன் நகர மருத்துவர்கள், சிறுசிறு தொடர்களை இசையோடு, இடக்கையால் தாளமிட்டுச் சொல்லப் பயிற்றிப் பேச்சை மீட்கும் முறையை 1973-இல் வகுத்தனர்.

நாம் அறிந்த முதிய அடியார் ஒருவர் அந்நோயால் தம் மகன் பெயரையும் சொல்ல மாட்டாதவரானார். கண்ணீர் மட்டுமே அவர் மொழியாயிற்று. ஒருநாள் ஓதுவார் ஒருவர் அவரருகே அமர்ந்து, அவர் இளமையிற் கற்ற பதிகத்தைப் பாடினார். இரண்டாம் அடியில் அம்முதியவரின் குரலும் உடன் எழுந்தது, சொல்லும் வந்தது. கூடியிருந்த நாமெல்லாம் கலங்கி நின்றோம்.

அன்பர்களே, அவர் கற்றிருந்தார். ஆதலின் அது அவரிடம் எஞ்சியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு நாம் எதனை வைத்துப் போகின்றோம்? ஒலிபெருக்கி பாட, நாம் வாய்மூடி நிற்கின்றோம். கேட்டல் நன்று; பாடிப் பழகுதல் அதனினும் நன்று. நாள்தோறும் ஒரு பதிகமேனும் பண்ணோடு பிள்ளைகளுடன் அமர்ந்து பாடுவோம். எல்லாம் நம்மைக் கைவிடும் நாளிலும் அது நாவில் நிற்கக் கூடும்.

திருச்சிற்றம்பலம்.