பிள்ளையின் மூளை வளர்ச்சியும் நம் வீட்டு உப்பும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் வைத்தியத்துறை சார்ந்த ஒரு விடயத்தைப் பேச வேண்டுமென்று சங்கத்தார் கேட்டுக்கொண்டனர். இந்த மண்டபத்தில் இருப்போரில் பெரும்பாலானோர் தாய்மார், அம்மம்மாமார், நாளைய தாய்மார். ஆகவே ஒரு பிள்ளையின் மூளை எவ்வாறு கட்டப்படுகிறது என்பதையே எடுத்துக்கொண்டோம். பரம்பரையலகு, புரதம், ஓமோன் என்று சில சொற்கள் இடையிடையே வரும். விஞ்ஞான பாடத்தில் நாம் எல்லோரும் சந்தித்த சொற்கள்தான். மறந்தவர்களும் அஞ்ச வேண்டாம்.

வன்னியில் சிகிச்சை நிலையத்துக்கு வரும் தாய்மார் அடிக்கடி எங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "டொக்டர், பிள்ளை நடக்கவும் பிந்தினது, கதைக்கவும் பிந்தினது. வயித்தில இருக்கேக்க நான் ஒழுங்காச் சாப்பிடேல்ல. அதாலதானோ?" இடம்பெயர்ந்த காலத்தில் பிள்ளை சுமந்தவர்கள் இதைக் கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும். இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், மூளைக் கலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நமது உடம்பில் கருவுள்ள ஒவ்வொரு கலத்திலும் ஒரே பரம்பரைத் தகவல்தான் இருக்கிறது. புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் மட்டும் ஏறத்தாழ 20,000. தோல் கலத்திலும் அவைதான், நரம்புக் கலத்திலும் அவைதான். அப்படியிருக்கத் தோல் தோலாகவும் மூளை மூளையாகவும் வருவது எப்படி? எந்தப் பரம்பரையலகு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்ற ஒழுங்குதான் அதற்குக் காரணம்.

இதை விளங்கிக்கொள்ள நாம் தூரம் போகத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதற்காக எல்லா வாய்க்காலுக்கும் எல்லா நாளும் விடுவதில்லை. சிறுபோகக் கூட்டத்தில் துருசு திறக்கும் நாளையும் பூட்டும் நாளையும் குறிக்கிறார்கள். பயிர் கேட்கும் நேரத்தில் வராத தண்ணீர் கதிர் கருகிய பிறகு வந்து பயனில்லை. பரம்பரையலகுகளின் கதையும் அதுதான்.

ஒரு நரம்புக் கலத்தைப் பாருங்கள். முள்ளந்தண்டிலிருந்து கால் விரலுக்குப் போகும் நரம்புக் கலத்தின் நார், வளர்ந்த ஒருவரில் ஒரு மீற்றர் நீளம் இருக்கும். தலைமயிரைவிடப் பலமடங்கு மெல்லிய அந்த நார் அறுந்து, சுருங்கிப் போகாமல் நிற்பதற்கு உள்ளே ஒரு சட்டகம் வேண்டும். அதைச் சில புரதங்கள் அமைக்கின்றன. ரியூபியூலின் என்ற புரதம் சிறு சிறு துண்டுகளாகச் சேர்ந்து நுண்ணிய குழாய்களாகிறது. அவை வளை போலவும் நிற்கும், சாமான் ஏற்றிச் செல்லும் தண்டவாளம் போலவும் உதவும். தோ என்ற புரதம் அந்தக் குழாய்களைப் பிடித்து உறுதிப்படுத்தும். நரம்பிழைப் புரதங்கள் நாரின் உட்புறத்தை நிரப்பி அதற்குப் பருமன் கொடுக்கும்.

இவை எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. முளையத்தில் நரம்புக் கலம் இன்னும் இடம்தேடி நகரும்போது அதன் சட்டகம் இளக்கமாக இருக்க வேண்டும். எனவே அப்போது தோ புரதத்தின் குறுகிய வடிவமே ஆக்கப்படுகிறது. குழாயை இறுகப் பிடிக்கும் நீண்ட வடிவம் பிறகுதான் சேர்கிறது. இரண்டும் ஒரே பரம்பரையலகிலிருந்து வருபவை. ஒரே துணியை வயதுக்கேற்ற அளவில் வெட்டித் தைப்பது போல. நரம்பிழைகளிலும் மெல்லியது, நடுத்தரமானது முதலில் வரும். பாரமானது கடைசியாக, நார் தன் இடத்தை அடைந்து தடிக்கும் காலத்தில் வரும்.

இந்தச் சட்டகம் பிழைத்தால் என்ன ஆகும்? 2007 ஆம் ஆண்டு ரியூபியூலின் பரம்பரையலகு ஒன்றில் ஏற்படும் ஓர் எழுத்துப் பிழை, சில பிள்ளைகளின் மூளையில் மடிப்புகள் உருவாகாமல் மேற்பரப்பு வழுவழுப்பாக அமையக் காரணம் என்று கண்டறியப்பட்டது. பிறக்கும் இடத்திலிருந்து தம் இடத்துக்கு நகர வேண்டிய கலங்கள் இடைவழியில் நின்றுவிடுகின்றன. இது மிக அரிதான நோய். ஆனால் நாம் இன்று பேச வந்தது எழுத்துப் பிழையைப் பற்றியல்ல. எழுத்து முழுவதும் சரியாக இருந்தும், துருசு உரிய நேரத்தில் திறக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதைப் பற்றியே.

துருசைத் திறப்பதும் பூட்டுவதும் யார்? பலர் இருக்கிறார்கள். 1995 இல் அமெரிக்காவின் இரு ஆய்வுகூடங்கள் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தன. நரம்புக் கலத்துக்கே உரிய பரம்பரையலகுகளை மற்றக் கலங்களில் பூட்டி வைப்பது அதன் வேலை. ஒரு கலம் நரம்புக் கலமாக மாறும்போது அந்தப் பூட்டு விலகுகிறது. அதன்பின் வேலையை வேகப்படுத்தும் கைகளில் முக்கியமான ஒன்று தைரொயிட் ஓமோன். கழுத்தின் முன்புறத்திலுள்ள சிறு சுரப்பியில் உண்டாகும் இந்த ஓமோன், மூளைக் கலத்தின் கருவுக்குள் தனக்கென இருக்கும் வாங்கிப் புரதத்துடன் சேர்ந்து சில பரம்பரையலகுகளை நேராகவும் வேறு சிலவற்றை மறைமுகமாகவும் இயக்குகிறது.

நமக்கு அயலில், கல்கத்தாவிலுள்ள இந்திய இரசாயன உயிரியல் நிறுவனத்தில் சௌத்ரி, சர்க்கார் ஆகியோர் 1983 இல் வெளியிட்ட ஆய்வொன்று, வளரும் எலியின் மூளையில் தைரொயிட் ஓமோன் ரியூபியூலின் உற்பத்தியைத் தூண்டுகிறது என்று காட்டியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பிரான்ஸ் நாட்டில் நுனேஸ் குழுவினர், இந்த ஓமோன் குறைந்த எலிக்குஞ்சுகளின் மூளையில் நுண்குழாய்கள் மெதுவாகவே கட்டப்படுகின்றன என்று கண்டிருந்தனர். மூளை வளர்ந்து முடிந்தபின் அதே ஓமோன் அதே வேலையைச் செய்வதில்லை. போகம் தப்பிவிடுகிறது.

மனிதரில் அந்தப் போகம் எப்போது? கருவிலுள்ள பிள்ளையின் தைரொயிட் சுரப்பி ஏறத்தாழ 12 ஆம் வாரத்தில் தொடங்கி, 18 முதல் 20 ஆம் வாரமளவில்தான் போதிய அளவு வேலை செய்கிறது. அதுவரை பிள்ளையின் மூளைக்குக் கிடைப்பது தாயின் ஓமோன் மட்டுமே. அந்த ஓமோனை ஆக்க அயடீன் வேண்டும். தாய் தனக்குக் கர்ப்பம் என்று அறியும் முன்பே கணக்குத் தொடங்கிவிடுகிறது.

இது வெறும் ஊகமல்ல. 1966 இல் பப்புவா நியூகினியின் மலைப்பகுதியில், அயடீன் மிகக் குறைந்த கிராமங்களில், ஒரு குடும்பத்துக்கு அயடீன் எண்ணெய் ஊசியும் அடுத்த குடும்பத்துக்கு வெறும் உப்புநீர் ஊசியும் ஏற்றினர். உப்புநீர் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் 26 பேர் கடுமையான மூளைக் குறைபாட்டோடு இருந்தனர். அயடீன் பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் 7 பேர். அந்த ஏழில் ஆறு பேரின் தாய்மார் ஊசி ஏற்றும்போதே கர்ப்பமாக இருந்தவர்கள். அயடீன் கொடுத்தது போதவில்லை. முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும்.

நமது நாட்டில் 1986-87 இல் 17 மாவட்டங்களின் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடந்த ஆய்வில் கிட்டத்தட்ட 19 வீதமானோருக்குக் கழலை இருந்தது. 1995 இல் உணவு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக்கப்பட்டது. மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் பிந்திய ஆய்வுகளில் நாட்டின் அயடீன் நிலை போதுமான மட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் வன்னி பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. பாக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் நிலையில் நாம் இருக்கவில்லை; கிடைத்த உப்பைக் கறிக்குப் போட்டோம்.

இன்று நிலைமை வேறு. போரினால் நீண்டகாலம் முடங்கிக் கிடந்த ஆனையிறவு உப்பளத்தில் 2025 மார்ச்சில் அயடீன் சேர்த்த மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இது நமக்குப் பெருமை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடலில் விளைவதால் உப்பில் அயடீன் தானாகவே இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியல்ல. பாத்தியில் விளைந்த கட்டி உப்பில் அயடீன் மிகச் சொற்பம். தொழிற்சாலையில் சேர்த்தால்தான் உண்டு. முல்லைத்தீவுக் கடல் மீனில் அயடீன் இருக்கிறது. முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் மீனில் அது குறைவு.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. சமையலுக்கு அயடீன் சேர்த்த உப்பையே வாங்குவோம். அதை அடுப்பருகே திறந்து வைக்காமல் மூடிய பாத்திரத்தில் வைத்து, கறியை இறக்கும் நேரத்தில் போடுவோம். உப்பைக் கூட்டச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருப்பதே நல்லது.

தைரொயிட் குளிசை எடுக்கும் தங்கைமார், கர்ப்பம் என்று தெரிந்தவுடன் குளிசையை நிறுத்த வேண்டாம். பலருக்கு அளவைக் கூட்ட வேண்டியே வரும். உடனே வைத்தியரைக் காணுங்கள். குளிசையை வெறும் வயிற்றில் எடுங்கள். இரும்புச்சத்துக் குளிசைக்கும் கல்சியம் குளிசைக்கும் அதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும்.

பிறந்த பிள்ளைகளில் 2000 முதல் 4000 பேரில் ஒருவருக்குத் தைரொயிட் சுரப்பி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது. பிறந்தவுடன் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. குதிக்காலில் குத்தி எடுக்கும் சில துளி இரத்தம் அதைக் காட்டிவிடும். இப்பரிசோதனை 1974 இல் கனடாவின் கியூபெக்கில் தொடங்கியது, இலங்கையிலும் நடைபெறுகிறது. முதல் இரண்டு வாரங்களுக்குள் குளிசை தொடங்கினால், அதைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுத்தாலே, அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலப் படித்து இந்த மேடைக்கும் வரலாம். பேரப்பிள்ளை பிறந்தால், வைத்தியசாலையிலிருந்து புறப்பட முன் "குதிக்காலில் இரத்தம் எடுத்தாச்சா? முடிவு எப்ப வரும்?" என்று கேளுங்கள்.

இனி அந்தத் தாய்மாரின் கேள்விக்கு வருவோம். ஒரு பிள்ளை பிந்துவதற்குக் காரணங்கள் பல: குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், தொற்று, பரம்பரையலகு. சில சமயம் எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. ஒரு பிள்ளையைப் பார்த்து, இன்ன மாதம் இன்னது சாப்பிடாததால்தான் இது என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. குண்டு விழுந்த காலத்தில் ஒருவேளைக் கஞ்சியோடு பிள்ளை சுமந்தவளிடம் அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. அயல், மாமியார், உறவு என்று எவர் கேட்டாலும் நாம் தடுக்க வேண்டும். மூளையின் சட்டகம் கட்டும் போகம் முடிந்தாலும், கலங்களுக்கிடையிலான தொடுப்புகள் பிள்ளைப்பருவம் முழுவதும் வளர்கின்றன. கதைப்பது, விளையாடுவது, பேச்சுப் பயிற்சி, பாடசாலை எல்லாம் அதற்கு உதவும். பிந்திய பிள்ளையை ஒளித்து வைக்காமல் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டில் நாம் கட்டடத்துக்கும் கணினிக்கும் பணம் சேர்க்கிறோம், நல்லது. அதோடு உயர்தர வகுப்புத் தங்கைமாருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, குடும்பநல உத்தியோகத்தரையும் அழைத்து, இந்த விடயங்களைச் சொல்லும் ஒரு நாளை ஒழுங்குசெய்வோம். கர்ப்பத்துக்குப் பிறகு சொல்வது பிந்திவிடுகிறது என்பதைத்தான் இவ்வளவு நேரமும் பார்த்தோம். அவர்கள் இப்போதே இங்கே, நம் கண்முன்னே இருக்கிறார்கள்.